தட்டைத் துடைக்கும் கை: அப்ப மாவிலும் வெள்ளத்து நெல்லிலும் ஒரு நொதியம் எப்படி இயங்குகிறது?

அன்புவழிபுரத்தில் அப்பத்துக்கு மாக் கரைத்து வைத்த வீட்டில் விடியப்புறம் பானை மூடியைத் திறந்தால் ஒரு வாசம் எழும். முதலில் புளிப்பு, அதற்கடியில் இலேசான இனிப்பு, இன்னும் அடியில் கள்ளின் நெடி. தம்பலகாமத்துப் பக்கம் பெரும்போக விதைப்புக்கு நெல்லை ஊறப்போட்டு, சாக்கைத் தண்ணீரில் இருந்து எடுக்கப் பிந்திவிட்டவர்களுக்கும் அந்த நெடி தெரியும். மாவில் கள் விட்டோம், அல்லது கடையில் வாங்கிய ஈஸ்ட் போட்டோம்; ஆகவே அந்த நெடிக்குக் காரணம் கேட்பதில்லை. நெல்லுக்கு யார் கள் ஊற்றினார்கள்?

யாரும் ஊற்றவில்லை. சாக்கிலும் உமியிலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு அதில் பங்கு உண்டுதான். ஆனால் ஆய்வுகூடத்தில் நுண்ணுயிர்களை முற்றாக நீக்கிவிட்டு, ஒட்சிசன் இல்லாத நீரில் நெல்லை முளைக்க விட்டாலும் அது எதனோலை உண்டாக்குகிறது. எதனோல் என்றால் கள்ளில் இருக்கும் அதே அற்ககோல். மாவில் மதுவம், அதாவது ஈஸ்ட், செய்கிற வேலையை நீருக்குள் நெல் தானே செய்கிறது. இரண்டிலும் கடைசிப் படியை நடத்துவது ஒரே குடும்பத்து நொதியம். பள்ளிப் பாடநூலில் அதற்கு அற்ககோல் ஐதரசனகற்றி என்று பெயர். பல்கலைக்கழகத்துக்குப் போனால் அற்ககோல் டிஹைட்ரொஜினேஸ் என்பார்கள்.

இந்த நொதியத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அற்ககோல் செய்யும் நொதியம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். என் மனதுக்கு அது பொருந்தவில்லை. அற்ககோல் அந்த உயிரணுவுக்கு வேண்டிய பொருள் அல்ல, அது வெளியே எறிகிற கழிவு. நொதியம் உண்மையில் பார்க்கிற வேலை வேறு. அது எந்த வேலை என்று விளங்க ஒரு சமையலறைக்குள் போக வேண்டும்.

ஒரு சின்ன ரொட்டிக்கடை. மாவுக்குக் குறைவில்லை, மூட்டையாகக் கிடக்கிறது. தட்டுகள்தான் கொஞ்சம். ஒவ்வொரு மா உருண்டையும் இரண்டாகப் பிரிந்து இரண்டு ரொட்டியாகும்போது இரண்டு தட்டுகளில் குழம்பு படும். அந்த உருண்டையால் கடைக்குக் கைக்கு வருவது இரண்டு ரூபா. குழாயில் தண்ணீர் வரும்வரை கவலையில்லை. தண்ணீர் இருக்கிற நேரம் உள்ளே பெரிய அடுப்பும் எரியும். ரொட்டியையும் தட்டில் மிஞ்சிய குழம்பையும் வீணாக்காமல் அங்கே மறுபடி சமைத்து, அதே உருண்டையில் இருந்து முப்பது ரூபா வரை எடுத்துவிடலாம். தட்டும் கழுவப்பட்டுத் திரும்பி வரும்.

குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. பெரிய அடுப்பும் அணைந்துவிட்டது. குழம்பு பட்ட தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. மா இருக்கிறது, அடுத்த உருண்டையை வைக்கத் தட்டு இல்லை. இரண்டு ரூபாவும் இனி வராது. கடையை மூட வேண்டியதுதான்.

அப்போது இரண்டு பேர் ஒரு வழி பார்க்கிறார்கள். ஒருவர் செய்து வைத்த ரொட்டியின் ஓரத்தைக் கத்தியால் அரிந்து வீசுகிறார். மற்றவர் மிஞ்சிய மெதுவான நடுத்துண்டை எடுத்துத் தட்டை வழித்துத் துடைக்கிறார். குழம்பு முழுக்க ரொட்டியில் ஏறிவிடுகிறது, தட்டு வெறுமையாகிறது. குழம்பூறிய துண்டு வெளியே போகிறது. துடைத்த தட்டில் அடுத்த உருண்டை. நல்ல ரொட்டி வீணாகிறது என்று பார்த்தால் மனம் பதைக்கும். ஆனால் கடை திறந்திருக்கிறது, இரண்டு இரண்டு ரூபாவாக வந்துகொண்டிருக்கிறது.

உயிரணுவில் மா உருண்டை குளுக்கோசு. அது பிளந்து வரும் இரண்டு ரொட்டிகள் பைருவேற்று. ரூபா என்பது ஏரிபி எனும் சக்தி மூலக்கூறு: ஒட்சிசன் இல்லாதபோது ஒரு குளுக்கோசுக்கு நிகரமாக 2, ஒட்சிசன் இருக்கும்போது 30 முதல் 32 வரை. தட்டு என்பது என்ஏடி என்ற துணைமூலக்கூறு. நாம் உணவில் எடுக்கும் நயசின் விற்றமினில் இருந்து ஆக்கப்படுவது அது. குழம்பு என்பது குளுக்கோசில் இருந்து கழன்று அந்தத் தட்டில் ஏறிய ஐதரசன். குழாயும் பெரிய அடுப்பும் ஒட்சிசனும் இழைமணியும். கத்தி பிடித்தவர் வேறொரு நொதியம், பைருவேற்று காபொட்சிலகற்றி. அதன் கத்தி கூர்மையாக இருக்க தயமின் வேண்டும், தவிட்டில் இருக்கும் அதே பி1 விற்றமின். அரிந்து எறிந்த ஓரம் காபனீரொட்சைட்டு. நடுத்துண்டு அசற்றல்டிகைட்டு. தட்டைத் துடைக்கிற கைதான் நாம் தேடி வந்த அற்ககோல் ஐதரசனகற்றி. குழம்பூறிய துண்டு எதனோல்.

அந்தத் துண்டில் எவ்வளவு வீணாகிறது என்பதையும் கணக்குப் பார்க்கலாம். ஒரு மூல் குளுக்கோசை எரித்தால் கிட்டத்தட்ட 2,800 கிலோயூல் வெப்பம் வரும். அதிலிருந்து கிடைக்கும் இரண்டு மூல் எதனோலை எரித்தால் ஏறக்குறைய 2,730. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு சக்தி வெளியே எறியப்பட்ட துண்டிலேயே கிடக்கிறது! சாராயத்தில் தீ பிடிப்பது அதனால்தான். சுத்தமான தட்டு ஒன்றுக்காக உயிரணு கொடுக்கிற விலை அது.

துடைக்கிற கையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நொதியத்தின் உள்ளே ஒரு பள்ளம். அதன் அடியில் ஒரு நாக அணு, துத்தநாகம் என்றும் சொல்வோம். பள்ளத்தின் ஒரு பக்கம் ஐதரசன் ஏறிய என்ஏடி வந்து படுக்கிறது. மறுபக்கத்தால் அசற்றல்டிகைட்டு நுழைய, நாகம் அதன் ஒட்சிசனைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிடியில் பக்கத்துக் காபனில் இலத்திரன் குறைகிறது. உடனே ஓர் ஐதரசன், தன் இரண்டு இலத்திரன்களோடு, என்ஏடியில் இருந்து அந்தக் காபனுக்குத் தாவுகிறது. இன்னொரு புரோத்தன் ஒட்சிசனில் ஒட்டுகிறது. எதனோல் பிறந்துவிட்டது, என்ஏடி வெறுமையாகப் போய்விடுகிறது. மதுவத்தின் நொதியம் இப்படியான நான்கு ஒத்த பகுதிகள் சேர்ந்த ஒன்று. நான்கிலும் இந்தப் பள்ளம், நான்கிலும் நாகம். நாகத்தைப் பிடுங்கிவிட்டால் வேலை நின்றுபோகும். இன்னொன்றும் உண்டு: இந்தத் தாவல் இரு திசையிலும் நடக்கும். எதனோல் மிகுந்தும் அசற்றல்டிகைட்டு குறைந்தும் இருக்கும் இடத்தில் அதே பள்ளம் எதனோலைத் திரும்ப அசற்றல்டிகைட்டாக்கும். குடித்தவரின் ஈரலில் இதே குடும்பத்து நொதியம் செய்வது அதைத்தான்.

இவை தனித்தனி நொதியங்களின் வேலை என்பது ஒருகாலத்தில் யாருக்கும் தெரியாது. உயிருள்ள மதுவம் இல்லாமல் நொதித்தலே நடக்காது என்று நம்பியிருந்தார்கள். 1897இல் எடுவர்ட் பூக்னர் மதுவத்தை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்தார். சாறு பழுதாகாமல் இருக்கச் சீனி சேர்த்தார். உயிரணு ஒன்றும் மிஞ்சாத அந்தச் சாறு நுரைத்துக் குமிழி விட்டது. 1907இல் அவருக்கு நோபல் பரிசு. அற்ககோல் ஐதரசனகற்றியை மதுவத்தில் இருந்து பிரித்துப் பளிங்காக்கியது 1937இல், நெகலைன், வுல்ஃப் என்ற இருவர்.

இனிக் கள்ளு முட்டிக்கு வருவோம். பாளை சீவி முட்டி கட்டினால் சொட்டுவது இனிப்பான சாறு, நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. பாளையிலும் பழைய முட்டியின் உட்பக்கத்திலும் காற்றிலும் பூச்சியின் காலிலும் இருக்கும் மதுவங்கள் அதில் இறங்குகின்றன. முட்டியின் வாய் திறந்துதான் இருக்கிறது, காற்றும் படுகிறது. பிறகு ஏன் நொதிக்கிறது? கடையில் கூட்டம் அலைமோதினால் குழாயில் தண்ணீர் வந்தாலும் தட்டைக் கழுவப் பொறுமை இருக்காது, ரொட்டியால் துடைத்து அடுத்ததை வைப்பார்கள். சர்க்கரை நிறையக் கண்ட மதுவமும் ஒட்சிசன் இருக்கும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். உருண்டைக்கு இரண்டு ரூபாதான், ஆனால் வேகமாக வருகிறது. கூடவே எறிந்த எதனோல் அக்கம்பக்கத்துப் பக்ரீரியாக்களையும் அடக்கி வைக்கிறது. கருப்பநீர் வேண்டுமென்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவார்கள். சாறு காரமாகிவிட, மதுவம் பெருகாது, தட்டுத் துடைக்கிற பேச்சே இல்லை.

சர்க்கரை தீர்ந்த பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மதுவத்திடம் இந்த நொதியத்தின் இன்னொரு வடிவம் இருக்கிறது. முதலாவதற்கும் இதற்கும் அமினோ அமில வரிசையில் வித்தியாசம் மிகச் சொற்பம். சர்க்கரை இருக்கும்வரை இரண்டாவது வடிவத்தின் மரபணு அடங்கிக் கிடக்கும். சர்க்கரை தீர்ந்து, ஒட்சிசனும் இருந்தால் அது விழிக்கிறது. வெளியே எறிந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி உள்ளே கொண்டுவந்து, பெரிய அடுப்பில் போட்டு, விட்ட முப்பது ரூபாவில் பெரும்பங்கை மீட்கிறது. 2005இல் ஸ்டீவன் பென்னரின் குழு இந்த இரண்டுக்கும் மூதாதையான நொதியம் எப்படி இருந்திருக்கும் என்று கணித்து அதை ஆய்வுகூடத்தில் ஆக்கிப் பார்த்தது. மூதாதை எதனோல் ஆக்கும் வடிவத்தையே ஒத்திருந்தது. துடைக்கிற கைதான் முதலில் வந்தது. எறிந்ததைப் பொறுக்கித் தின்னும் கை பின்னால், சதைப்பற்றுள்ள கனிகள் உலகில் பெருகிய காலத்தை ஒட்டி வந்தது என்பது அவர்கள் முடிவு.

முட்டியை இன்னும் சில நாள் விட்டால் மதுவத்துக்கு முன்னால் வேறொருவர் அந்தத் துண்டுகளுக்கு வந்துவிடுவார். அசற்றிக் அமில பக்ரீரியா. இதனிடமும் அற்ககோல் ஐதரசனகற்றி உண்டு, ஆனால் அது முற்றிலும் வேறு கட்டமைப்பு: என்ஏடியைத் தொடாமல், உயிரணுவின் மென்சவ்வில் உட்கார்ந்து, எதனோலின் ஐதரசனை நேரே ஒட்சிசன் பக்கம் தள்ளிவிடும். மிஞ்சுவது அசற்றிக் அமிலம். அச்சாறுக்கு விடுகிற தென்னங்கள் வினாகிரி இப்படித்தான் பிறக்கிறது. ஆகவே வினாகிரிக்குக் காற்று வேண்டும். கள்ளைக் கள்ளாகவே வைக்க நினைப்பவர் காற்றை மறிக்க வேண்டும்.

அப்பத்தின் ஓட்டைகளை இந்த நொதியம் நேரடியாக ஆக்குவதில்லை. அவை அரிந்து வீசிய ஓரங்கள், காபனீரொட்சைட்டுக் குமிழிகள். ஆனால் துடைக்கிற கை நின்றால் தட்டு இராது, தட்டு இல்லாவிட்டால் ரொட்டி இராது, அரிய ஓரமும் இராது. மாவில் சேர்ந்த எதனோல் சூடான தாச்சியில் ஆவியாகப் போய்விடும். தோசை மாவில் நடப்பது வேறு: அங்கே பெரும்பாலும் இலற்றிக் அமில பக்ரீரியாக்கள் ஓரத்தை அரியாமல் முழு ரொட்டியாலேயே தட்டைத் துடைத்துவிடுகின்றன. பைருவேற்று நேரே இலற்றேற்றாகிறது, அதனால்தான் அந்தப் புளிப்பு. வேகமாக ஓடும்போது நம் தசையும் இதே வழியைப் பிடிக்கிறது.

நெல்லுக்கு வருவோம், தம்பலகாமம் போன்ற ஊர்களுக்கு உயிரான விஷயம் அது. நீரில் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவு. நெல் முழுக்க மூழ்கினால் குழாயில் சொட்டுச் சொட்டாகக்கூடத் தண்ணீர் வராது என்றுதான் எண்ண வேண்டும். கோதுமை விதையை ஒட்சிசன் இல்லாத நீரில் போட்டால் மாப்பொருளை உடைக்கவே அதனால் முடியாது. சாக்கில் மா இருந்தும் சாக்கு அவிழாது. நெல் அவிழ்க்கும். மாப்பொருளை உடைக்கும் அமைலேசு ஒட்சிசன் இல்லாமலே அதில் ஆக்கப்படுகிறது. வரும் குளுக்கோசு பெரும்பாலும் எதனோல் வழியாக ஓடுகிறது.

ஆழ நீரில் முளைத்த ஒரு நெல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெள்ளையாக, நூல் மாதிரி மெலிந்த ஒரு முளையுறை நீண்டிருக்கும். வேர் இராது, அல்லது புள்ளியாகத் தெரியும். காற்றில் முளைத்த நெல்லில் வேர் நன்றாக இறங்கியிருக்கும். நீருக்குள் நெல் தன் இரண்டு ரூபாவை எல்லாம் முளையுறையிலேயே செலவழித்து, மேலே காற்றை எட்டப் பார்க்கிறது. எட்டிவிட்டால் முளையுறையின் உட்குழலால் ஒட்சிசன் இறங்கும், பிறகுதான் வேர். அற்ககோல் ஐதரசனகற்றி குறைந்த ஒரு விகாரி நெல்லை யப்பானிய ஆய்வாளர்கள் சோதித்தபோது நீருக்குள் அதன் முளையுறை சரியாக நீளவே இல்லை. சோளனில் இதே கதையை 1969இலேயே ட்ரூ ஷ்வார்ட்ஸ் காட்டியிருந்தார்: இந்த நொதியம் இல்லாத விதைகள் நீரில் மூழ்கியபோது மற்றவற்றைவிட வெகு சீக்கிரம் செத்தன. எதனோலுக்காகவா செத்தன? எதனோல் இல்லாமல் எந்தப் பயிரும் சாகாது. தட்டு இல்லாமல் செத்தன. அதோடு துடைக்கப்படாத அசற்றல்டிகைட்டு சேர்ந்து நஞ்சாகவும் ஆகிறது. எதனோலின் நஞ்சு அதைவிட மிகக் குறைவு, வேரின் வழியே சுற்றியுள்ள நீரிலும் கசிந்துவிடும்.

வளர்ந்த பயிர் வெள்ளத்தில் மூழ்கினால் கணக்கு இன்னும் இறுக்கம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மகாவலி பெருகி, மூதூர், வெருகல் பக்கத்து வயல்கள் நீருக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. மூழ்கிய பெரும்பாலான நெல் இனங்கள் பதறி உயரப் பார்க்கும், இருக்கிற மா எல்லாவற்றையும் ஓரிரு கிழமைக்குள் கொட்டித் தீர்க்கும். வெள்ளம் வடியும்போது நிமிர்ந்து நிற்கப் பலம் இராது. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற நெல் அப்படிச் செய்வதில்லை. அது வளர்ச்சியை நிறுத்தி, மாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறது, இரண்டு கிழமை வரை தாக்குப்பிடிக்கிறது. அதற்குப் பொறுப்பான சப்1ஏ என்ற மரபணுவை 2006இல் பமேலா ரொனால்ட், டேவிட் மெக்கில் முதலியோர் அடையாளம் கண்டார்கள். அந்த மரபணு வளர்ச்சியை அடக்கும்போதே, கத்தி பிடித்த நொதியத்தையும் துடைக்கிற நொதியத்தையும் கூட்டுகிறது. மாவைச் சிக்கனம் பிடி, ஆனால் தட்டுத் தேங்க விடாதே என்ற இரண்டு கட்டளையும் ஒரே இடத்தில் இருந்து வருகிறது. சுவர்ணா நெல்லில் அதை இனக்கலப்பால் ஏற்றி 2009இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். காவிரிப் படுகையில் சிஆர்1009 நெல்லுக்கும் அப்படியே ஏற்றினார்கள்.

வெள்ளத்தைத் தாங்கும் நெல்லைத் தேடியவர்கள் ஒடிசாவோடு நிற்கவில்லை. குர்கருப்பன், தவலு, கொட ஹீனட்டி என்று ஆய்வேடுகளில் பதிவான மூன்றும் இலங்கை நெல். எஃப்ஆர்13ஏயோடு சேர்த்து எண்ணப்படுகிறவை அவை. நம் முன்னோர் இவற்றை விதைத்துப் பொறுக்கி வைத்திருக்காவிட்டால் ஆய்வாளருக்குத் தேட ஒன்றும் இருந்திராது. இந்தப் பெயர்களைக் கிழக்கின் விவசாயப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நாகத்தின் கதை வயலிலும் தொடர்கிறது. நீர் நாள்கணக்கில் தேங்கிய மண்ணில் நாகம் பயிருக்கு எளிதில் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடும். நாகம் குறைந்த நெல்லின் வேரில் அற்ககோல் ஐதரசனகற்றியின் செயற்பாடும் இறங்குவதை ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். பயிருக்கு அந்தக் கை மிக வேண்டிய நேரத்தில்தான் கையின் பிடி தளர்கிறது. நாகச் சல்பேற்றுப் போடச் சொல்வதற்குப் பல காரணங்கள் உண்டு, இதுவும் ஒன்று.

வெள்ளம் வடிந்த முதல் நாள் பயிர் பச்சையாகத் தெரிவதை நம்பிவிடக் கூடாது. குழாயில் திடீரென்று தண்ணீர் வந்தால், திசுக்களில் தேங்கிய எதனோல் திரும்ப ஒட்சியேற்றப்பட்டு அசற்றல்டிகைட்டாக வெடித்து எழுகிறது. முன்பு சொன்ன இரு திசைத் தாவல் இப்போது பயிருக்கு எதிராகத் திரும்புகிறது. அசற்றல்டிகைட்டை அசற்றேற்றாக்கி அடக்கும் வேறொரு நொதியம் நெல்லிடம் உண்டு, அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தே இலை வாடுவதும் மீள்வதும். மூன்றாம் நான்காம் நாள் வரை பொறுத்து, ஒரு மட்டத்தைப் பிடுங்கி அடித்தண்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவும் இறுக்கமாகவும் இருந்தால் உள்ளே குருத்து உயிரோடு இருக்கிறது, புது இலை வரும். நசிந்து நாறினால் அந்த மட்டம் போய்விட்டது. யூரியா வீசுவதையும் புது இலை தலைகாட்டும் வரை தள்ளிப்போடுவது நல்லது. மாவெல்லாம் தீர்ந்து நிற்கிற பயிருக்கு அதை எடுத்துப் பயன்படுத்தும் வலு அப்போதுதான் திரும்பும்.